ஏழடி ஒல்லிப் பையன் நம்ம டீமுக்கு வருகிறான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளில் கடைசி வருடம் படிக்கும் கூடைப்பந்துப் பையன்கள், அடுத்த வருடம் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறார்கள் என்று கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் நவம்பரில்தான். வருடம் தவறாமல் அந்தக் கூட்டத்தில் நெட்டையாக, தோள் எலும்பு தெரிய, ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு பையன் இருப்பான். அவன் படம் கைக்கு வந்த அரை மணி நேரத்தில் நண்பர்கள் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். பின்னாளில் என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறை லீக்) நட்சத்திரமான ஒல்லிப் பையன் கெவின் டுரான்ட், டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய 2006-07 சீசனிலிருந்து நான் கல்லூரி ஆட்டம் விடாமல் பார்க்கிறேன். பையன் மாறுகிறான், கல்லூரி மாறுகிறது, கேள்விகள் மட்டும் மாறவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களையும் சேர்த்துவிட்டேன்.

ஏழடிங்கறாங்க, எடை 88 கிலோதானாம். காத்தடிச்சா சாஞ்சிடுவான் போல. இவனை எதுக்கு எடுத்தாங்க?

சரியாக இதே அளவோடு வந்தவர்தான் செட் ஹோம்கிரன். மினியாபொலிஸில் பள்ளி முடித்து 2021-ல் கொன்சாகா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஏழடி உயரம், 88 கிலோ. அங்கே ஆடிய ஒரே சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 14.1 புள்ளி, 9.9 ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 3.7 பிளாக் (எதிரணி ஷாட்டைத் தட்டித் தடுப்பது). 2025-ல் ஓக்லஹோமா சிட்டி அணியோடு என்பிஏ கோப்பையும் வாங்கிவிட்டார். இன்றைக்கும் பார்த்தால் ஒல்லிதான்.

இப்படி ஒரு பையனைப் பார்க்கும்போது நான் மனசுக்குள் இரண்டு பட்டியல் போட்டுக்கொள்வேன். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வயசாலோ உழைப்பாலோ வந்துசேரக்கூடியது எது? இப்போதே இல்லையென்றால் அநேகமாக வராமலே போகக்கூடியது எது? எடை முதல் பட்டியலில் இருக்கிறது. காலடி, பந்தைப் பிடிக்கும் கை, பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிகிற புத்தி, இடி வாங்கினாலும் பின்வாங்காத மனசு, இவையெல்லாம் இரண்டாவதில். கோச்சுகள் பார்ப்பது இரண்டாவது பட்டியலை. நாம் படத்தைப் பார்த்துக் கவலைப்படுவது முதல் பட்டியலை வைத்து.

அந்த ஏழடி நிஜமா? ஷூவோட அளந்ததா?

பெரும்பாலும் ஷூவோடுதான், சில சமயம் கொஞ்சம் தாராளமாகவும். என்பிஏ அணிகள் 2019-லிருந்து ஷூ இல்லாத உயரத்தைத்தான் தர வேண்டும். கல்லூரி அணிகளின் பட்டியலில் அந்தக் கண்டிப்பு கிடையாது. ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் கழித்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஆனால் நான் உயரத்தைவிட, நின்றபடி கையைத் தூக்கினால் எவ்வளவு எட்டுகிறது என்பதைத்தான் கேட்பேன். கூடை இருப்பது 10 அடியில். தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஆட்டத்தில் எங்குமே கணக்கில் வருவதில்லை. கழுத்து நீளமான ஏழடிக்காரனைவிட, தோள் உயர்ந்து கை நீண்ட ஆறடி பத்து அங்குலக்காரன் உயரத்தில் எட்டிவிடுவான். டுரான்டின் இரண்டு கைகளையும் விரித்து அளந்தபோது ஏழடி நாலரை அங்குலத்துக்கு மேல் வந்தது. அவர் ஷாட்டை யாராலும் தொட முடியாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இருந்தாலும் ஒல்லியா இருந்தா இடிச்சுத் தள்ளிட்டுப் போயிடுவாங்களே?

தள்ளுவார்கள். முதல் சீசனில் கண்டிப்பாகத் தள்ளுவார்கள், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் தள்ளப்படுவதற்கு எடை ஒன்றே காரணம் என்று நினைப்பது தவறு. 2009 பிப்ரவரியில் நடந்த ஒரு ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். அப்போது நாட்டில் முதலிடத்தில் இருந்தது கனெக்டிகட் பல்கலைக்கழகம். அவர்களுடைய சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் நெட்டை ஆள்) ஹஷீம் தபீத் ஏழடி மூன்று அங்குலம், எடையும் 115 கிலோவுக்கு மேல். எதிரே பிட்ஸ்பர்க்கின் டெஹுவான் பிளேர், ஆறடி ஏழு அங்குலம். ஒரு ரீபவுண்டுக்காக இருவர் கையும் பின்னிக்கொண்டபோது பிளேர் குனிந்த வேகத்தில் தபீத் அவர் முதுகின் மேலாகப் புரண்டு தரையில் விழுந்தார். பிளேர் அன்றைக்கு 22 புள்ளி, 23 ரீபவுண்ட் எடுத்தார். பிட்ஸ்பர்க் ஜெயித்தது.

தபீத்துக்குக் கிலோவில் குறை இல்லை. பிளேரின் இடுப்பு கீழே இருந்தது, இவருடையது மேலே இருந்தது, அவ்வளவுதான். யார் இடுப்பு கீழே இருக்கிறதோ அவர் தள்ளுவார், இது கபடி ஆடியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயரமான பையனுக்கு இடுப்பே நாலடிக்கு மேல் இருக்கும், அதனால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து நிற்க அவன் இரண்டு மடங்கு பழக வேண்டும்.

மேல் உடம்பு பலத்தைப் பார்த்து ஏமாந்த கதையும் உண்டு. என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், 2007-ல் அதற்கு முன் நடந்த உடல் சோதனையில் 84 கிலோ பளுவைப் படுத்தபடி ஒரு தடவைகூட டுரான்டால் தூக்க முடியவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு முடிந்த சீசனில் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 25.8 புள்ளி, 11.1 ரீபவுண்ட். நாட்டின் சிறந்த வீரர் விருதை முதல் வருட மாணவர் வாங்கியது அதுவே முதல் தடவை. ஆட்டத்துக்கு வேண்டிய பலம் தொடையிலும் இடுப்பிலும் வயிற்றுத் தசையிலும் இருக்கிறது. சட்டைக்கு வெளியே தெரிகிற கையில் இல்லை.

எடை ஏறுமா ஏறாதான்னு பார்த்தே சொல்ல முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, ஓரளவு ஊகிக்கலாம். தோள் அகலமாக, இடுப்பெலும்பு அகலமாக, கணுக்காலும் மணிக்கட்டும் தடிமனாக இருந்தால் சதை பிடிக்க இடம் இருக்கிறது. தோளே குறுகி, உடம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருந்தால் இருபத்தைந்து வயதிலும் அப்படியேதான் இருப்பான். அப்பா, அண்ணன், மாமாவின் உடம்பைப் பார்ப்பதும் பழைய கோச்சுகளின் வழக்கம்.

இதைவிட முக்கியமானது அவன் எப்போது வளர்ந்தான் என்பது. சிகாகோ பையன் ஆன்டனி டேவிஸ் உயர்நிலைப் பள்ளி பாதியில் இருக்கும்போது ஆறடி மூன்று அங்குலத்துக்குள் இருந்த ஒரு கார்டு (வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகும், உயரம் குறைந்த ஆள்). பள்ளி முடிப்பதற்குள் ஆறடி பத்து. டேவிட் ராபின்சன் கடற்படை அகாதமியில் சேர்ந்தபோது சுமார் ஆறரை அடிதான், அங்கே படிக்கும்போதே ஏழடி ஆனார். ஸ்காட்டி பிப்பன் சென்ட்ரல் ஆர்கன்சாவுக்கு ஆறடி ஒரு அங்குலத்தில் வந்து, ஆறடி ஏழு எட்டு அங்குலமாக வெளியே போனார். எலும்பு ஓடும்போது சதை பின்னால்தான் வரும். சமீபத்தில் திடீரென்று வளர்ந்த பையன் ஒல்லியாக இருப்பது இயல்பு, அவனுக்கு எடை ஏற நல்ல வாய்ப்பு இருக்கிறது. பதினைந்து வயதிலேயே ஏழடி ஆகி, மூன்று வருடமாக அதே எடையில் நிற்பவனைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

அப்புறம் ஒன்று. ஒரே கோடையில் பத்துப் பதினைந்து கிலோ ஏறிவிட்டது என்ற செய்தி வந்தால் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். அத்தனையையும் தாங்க வேண்டியது அதே பாதம், அதே முழங்கால்.

மூணு ஸ்டார்தான் கொடுத்திருக்காங்க. அஞ்சு ஸ்டார் பையன் கிடைக்கலையா?

பள்ளிப் பையன்களுக்கு ஐந்து வரை ஸ்டார் போட்டுத் தரம் பிரிக்கிறவர்கள், இன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்கள். தாமதமாக மலரும் உயரமான பையன்களிடம்தான் அவர்கள் கணக்கு அடிக்கடி தப்புகிறது. ஓக்லண்டில் பள்ளி முடித்த பில் ரஸ்ஸலுக்கு ஸ்காலர்ஷிப் தர முன்வந்தது ஒரே ஒரு கல்லூரி, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். 1955, 1956 இரண்டு வருடமும் அவர்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். நம் காலத்தில் சாக் ஈடி, அவரைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஹைலைட்ஸ் பார்த்தேன், பயங்கரமா டங்க் அடிக்கிறான். போதாதா?

ஏழடிப் பையன் பள்ளி ஆட்டத்தில் டங்க் அடிப்பது, அதாவது கூடைக்கு மேலே கையைக் கொண்டுபோய்ப் பந்தைத் திணிப்பது, தென்னை உயர ஏணி வைத்திருப்பவன் இளநீர் பறிப்பது மாதிரி. எதிரே நிற்பவன் ஆறடி நாலு அங்குலம் இருந்தாலே அதிகம். கோடைகாலத்தில் ஷூ கம்பெனிகள் நடத்தும் கிளப் ஆட்டங்களைப் பாருங்கள். அங்கேதான் அவனைப்போல இன்னும் இரண்டு மூன்று நெட்டைப் பையன்கள் எதிரே இருப்பார்கள். தொகுத்த துண்டுகள் வேண்டாம், முழு ஆட்டம்.

அரங்கத்துக்குப் போக முடிந்தால் கீழ்வரிசையில் உட்காருங்கள். நான் பந்தைப் பார்க்காமல் பையனின் பாதத்தை மட்டும் ஐந்து நிமிடம் பார்ப்பேன். திரும்பும்போது எத்தனை எட்டு வைக்கிறான்? குதித்து இறங்கியதும் உடனே மறுபடி குதிக்க முடிகிறதா? இந்த இரண்டாவது குதி ரொம்ப முக்கியம். ரீபவுண்ட் எடுப்பதில் பாதி அதுதான், ஹைலைட்டில் அதை யாரும் வெட்டிப் போடுவதில்லை. பந்து கைக்கு வந்ததும் இடுப்புக்குக் கீழே இறக்குகிறானா, நெற்றிக்கு மேலேயே வைத்துக்கொள்கிறானா? கீழே இறக்கினால் ஆறடிக் கார்டு வந்து தட்டிக்கொண்டு போய்விடுவான், ஏழடி வீண்.

இன்னொன்று, ஒருமுறை இடிபட்டு விழுந்த பிறகு அவன் அடுத்த ரீபவுண்டுக்கு எங்கே நிற்கிறான் என்பது. அதே இடத்துக்குத் திரும்பிப் போகிற பையனை எனக்கு உடனே பிடித்துவிடும். இரண்டு எட்டு தள்ளி நிற்கிறவனுக்கு எத்தனை கிலோ ஏறினாலும் பெரிய மாற்றம் வராது.

இவ்வளவு உயரத்தை வச்சுக்கிட்டு வெளிய நின்னு த்ரீ போடறானே, கூடைக்கு அடியில நிக்க வேண்டாமா?

இருபது முப்பது வருடம் முன்பு எல்லா கோச்சும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். இப்போது ஒல்லிப் பையனுக்கு வெளியே, மூன்று புள்ளி தரும் த்ரீ கோட்டுக்கு அப்பாலிருந்து, ஆடத் தெரிந்திருப்பது அவனைக் காப்பாற்றும் விஷயம். அவன் வெளியே போய் நின்றால், அவனைக் காக்க வேண்டிய 115 கிலோ சென்டரும் கூடையை விட்டு வெளியே வர வேண்டும். இடித்துத் தள்ளும் இடத்திலிருந்து ஓடிப் பிடிக்கும் இடத்துக்கு ஆட்டம் மாறுகிறது. ஹோம்கிரன் கொன்சாகாவில் த்ரீ போட்டவற்றில் 39 சதவீதம் உள்ளே போனது.

ஆனால் பள்ளியில் சில த்ரீ விழுந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2019-லிருந்து த்ரீ கோடு 22 அடிக்கும் மேல் தள்ளிப் போய்விட்டது. நான் பார்ப்பது ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்காமல், ஒரே தூரத்திலிருந்து போடுகிற அந்த ஷாட் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் விழுந்தால் கை சரியாக இருக்கிறது, த்ரீயும் காலப்போக்கில் வரும் என்று நம்பலாம். ஐம்பது ஐம்பத்தைந்தில் நிற்கிறவன் வெளியே ஆடுவான் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

பெரிய மேட்ச்ல 6 பாயிண்ட்தான் எடுத்தான். அப்புறம் என்ன பெரிய ஆளு?

2012 ஏப்ரல், நியூ ஆர்லியன்ஸ், கல்லூரி இறுதி ஆட்டம். கென்டக்கி 67, கான்சஸ் 59. மேலே சொன்ன ஆன்டனி டேவிஸ் அன்றைக்குப் பத்து ஷாட் போட்டு ஒன்றே ஒன்றுதான் உள்ளே போனது, மொத்தம் 6 புள்ளி. அந்த நான்கு அணிச் சுற்றின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 16 ரீபவுண்ட், 6 பிளாக், 5 அசிஸ்ட் (கூடை போட வழிசெய்த பாஸ்), 3 ஸ்டீல் (எதிரணியிடம் பறித்த பந்து). கான்சஸ் வீரர்கள் கூடைப் பக்கம் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கி அவரைத் தேடியதை நான் இன்னும் மறக்கவில்லை. அவருக்குப் பயந்து எதிரணி போடாமல் விட்ட ஷாட்டும், வளைத்துப் போட்டுத் தவறவிட்ட ஷாட்டும் அவர் கணக்கில் ஏறுவதில்லை.

கல்லூரி விதியும் இவர்களுக்குச் சாதகம். என்பிஏயில் தடுக்கும் அணியின் ஆள் யாரையும் காக்காமல் கூடைக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை. நெட்டைப் பையனைக் கூடைக்கு முன்னால் நிறுத்திவிடலாம். 1990-91-ல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஷான் பிராட்லி, ஏழடி ஆறு அங்குலம், முதல் வருடத்திலேயே 177 பிளாக் செய்தார். அதில் ஒரே ஆட்டத்தில் 14. அதனால் கல்லூரி பிளாக் எண்ணிக்கையை அப்படியே என்பிஏக்கு எடுத்துப் போய்க் கணக்குப் போடக்கூடாது.

நல்லா தடுக்கிறான், ஆனா எப்பவும் ஃபவுல் வாங்கி வெளிய உக்காந்திருக்கானே?

கல்லூரியில் ஆட்டம் 40 நிமிடம், ஐந்து ஃபவுல் (விதிமீறல்) விழுந்தால் வீரர் வெளியேற வேண்டும். எதிரணி கோச் ஒல்லிப் பையனைப் பார்த்ததும் முதல் பத்து நிமிடத்துக்குள் அவன்மீது நேராக மோதச் சொல்வார். இரண்டு ஃபவுல் விழுந்தால் முதல் பாதி முழுக்க அவனை நம் கோச்சே உட்கார வைத்துவிடுவார். 2022-ல் ஆர்கன்சாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஹோம்கிரனே ஐந்தாவது ஃபவுலோடு வெளியேறினார், கொன்சாகா 74-68 என்று தோற்று வீட்டுக்குப் போனது.

இது பழகக்கூடிய விஷயம், முதல் பட்டியலைச் சேர்ந்தது. கையைச் செங்குத்தாக வைத்து நேர்மேலே குதித்தால் மோதியவன் மேல்தான் தப்பு. பள்ளியில் கையை வீசித் தட்டியே பழகியவனுக்கு அது வர ஒரு வருடம் ஆகும். நிமிடத்துக்கு எத்தனை ஃபவுல் என்று மாதாமாதம் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் பையன் கற்றுக்கொள்கிறான்.

ஒல்லியான உயரமானவங்களுக்கு அடி சீக்கிரம் படும்னு சொல்றாங்களே?

உயரமானவர்களுக்குப் பாதத்தில் பிரச்சினை வருவது உண்மை. ஹோம்கிரன் 2022 ஆகஸ்டில் ஒரு கோடை ஆட்டத்தில் பாதத்தில் அடிபட்டு முதல் என்பிஏ சீசன் முழுவதும் உட்கார்ந்தார். ஆரெகனின் போல் போல் 9 ஆட்டத்தில் சராசரி 21 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது இடது பாத எலும்பில் கீறல், கல்லூரி வாழ்க்கை அதோடு முடிந்தது. ஆனால் ஒல்லி என்பதால் என்று சொல்லிவிட முடியுமா? 2007-ல் டுரான்டுக்கு முன்னால் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிரெக் ஓடன் பாறை மாதிரி உடம்பு. முழங்கால் ஒத்துழைக்காமல் என்பிஏயில் மொத்தம் 105 ஆட்டம்தான் ஆட முடிந்தது. ஹோம்கிரனோ திரும்பி வந்த சீசனில் 82 ஆட்டமும் ஆடினார்.

வேறொரு விஷயத்தை நான் இங்கே தவறாமல் சொல்வேன். ரொம்ப உயரம், ரொம்ப ஒல்லி, உயரத்தைவிட நீண்ட கை, இவை மூன்றும் சேர்ந்திருப்பது சிலருக்கு மார்ஃபான் என்ற பிறவிக் கோளாறின் அடையாளமாகவும் இருக்கலாம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயை அது பலவீனமாக்கும். பெய்லரின் ஏழடி ஒரு அங்குல சென்டர் ஐசையா ஆஸ்டினுக்கு அது இருப்பது 2014 டிராஃப்டுக்குச் சில நாள் முன்புதான் தெரிந்தது. டிராஃப்ட் இரவில் என்பிஏ தலைவர் ஆடம் சில்வர், எந்த அணிக்காகவும் இல்லாமல், மரியாதைக்காக அவர் பெயரைப் படித்தார். அரங்கமே எழுந்து நின்றது. பிறகு மருத்துவர்கள் அனுமதித்ததும் ஆஸ்டின் வெளிநாடுகளில் ஆடினார். நாம் படத்தைப் பார்த்து வைத்தியம் சொல்ல வேண்டாம், அது டாக்டர்கள் வேலை. ஆனால் பையன் இதயப் பரிசோதனைக்காக இரண்டு வாரம் ஆடவில்லை என்று செய்தி வந்தால் கோபப்படாதீர்கள். நிம்மதிப்படுங்கள்.

முதல் வருஷம் உக்கார வச்சு நல்லா சாப்பாடு போட்டு உடம்பு ஏத்தக் கூடாதா?

பல காலமாக இருந்த வழி அதுதான். ஐந்து வருடத்தில் நான்கு சீசன் ஆடலாம் என்ற விதியை வைத்துக்கொண்டு, ஒரு வருடம் பயிற்சி மட்டும் செய்து, எடை அறையில் வளர்ந்து, இரண்டாம் வருடம் இறங்குவார்கள். ஒல்லிப் பையன்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இப்போது அது கஷ்டமாகிவிட்டது. 2021-லிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற பழைய தண்டனையும் போய்விட்டது. ஒரு வருடம் உட்கார வைத்த பையன் அடுத்த ஏப்ரலில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், நாம் போட்ட சாப்பாட்டில் ஏறிய எடை அவர்களுக்கு ஆடும். கோச்சுகளும் பதினெட்டு வயதுப் பையனை வளர்ப்பதற்குப் பதில் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது முடிந்த உடம்புகளை வெளியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதனால் நம் பையன் மோதப்போவது ஆண்களோடு. பத்து வருடம் முன்பு வந்த ஒல்லிப் பையனைவிட இவனுக்கு முதல் வருடம் கடினமாக இருக்கும். அவனை மதிப்பிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர்லயே சொதப்பறான். எல்லாரும் ஏமாத்திட்டாங்களா?

2015 நவம்பரில் டியூக்கின் பிராண்டன் இங்ரம், கென்டக்கிக்கு எதிராக 4 புள்ளி எடுத்தார். ஆறடி ஒன்பது அங்குலம், 86 கிலோ. அன்றைக்கு எனக்கு வந்த போன்களில் பாதி அவர் உடம்பைப் பற்றித்தான். சீசன் முடிவில் சராசரி 17.3 புள்ளி. நான்கு மாதத்தில் உடம்பு பெரிதாக மாறிவிடவில்லை. எங்கே பந்தை வாங்கினால் இடி படாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இவன் அடுத்த டுரான்டா, இல்ல அடுத்த பிராட்லியா?

இரண்டும் இல்லை. டுரான்ட் ஏழடி உடம்பில் இருந்த கார்டு, அப்படி ஒருவரை மறுபடி எதிர்பார்த்து ஒரு பையன் மேல் சுமத்துவது நியாயமில்லை. பிராட்லி பெயரைத் தோல்விக்கு உதாரணமாகச் சொல்வதும் தப்பு. என்பிஏயில் பன்னிரண்டு சீசன் ஆடி, 1996-97-ல் பிளாக்கில் முதலிடம் பிடித்தவர் அவர். உண்மையில் பெரும்பாலான நல்ல ஒல்லிப் பையன்கள் நடுவில் எங்கேயோ நிற்கிறார்கள்: கல்லூரியில் மூன்று நான்கு வருடம் ஆடி, ஆட்டத்துக்கு இரண்டு பிளாக், எட்டு ரீபவுண்ட். கல்லூரிக்கு அது பெரிய சொத்து.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். பிராட்லி 1993, மார்கஸ் கேம்பி 1996, டுரான்ட் 2007, இங்ரம் 2016, ஹோம்கிரன் 2022. ஐந்து ஒல்லி நெட்டைகளும் டிராஃப்டில் சரியாக இரண்டாவதாகப் போனவர்கள். திறமையை எல்லோரும் பார்த்தார்கள், உடம்பைப் பார்த்து முதல் இடத்துக்கு மட்டும் தயங்கினார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு வருடமும் வேறு காரணங்களும் இருந்தன என்றாலும்.

அவனுக்கே மெசேஜ் போட்டு "இன்னும் பத்து கிலோ ஏத்துப்பா"ன்னு சொல்லலாமா?

வேண்டாம். இன்னும் கையெழுத்துப் போடாத பையனாக இருந்தால், ஆதரவாளர்கள் அவனை அணுகி இங்கே வா என்று இழுப்பதே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி தவறு, கல்லூரிக்குத்தான் தலைவலி. கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வேண்டாம். ஒல்லியாக இருப்பது அவனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு கடையிலும் கேட்டிருப்பான். ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை, பசிக்காமல்கூட, தட்டைக் காலி செய்துகொண்டிருப்பான். அதையும் எடை அறையில் இருக்கும் பயிற்சியாளர் கணக்குப் பார்த்துக்கொள்கிறார்.

சரி, எத்தனை நாள் பொறுத்துப் பார்த்துட்டு முடிவு சொல்லலாம்?

முதல் வருட நவம்பரையும் அதே வருட பிப்ரவரியையும் ஒப்பிடுங்கள், ஃபவுல் குறைந்திருக்கிறதா, இரண்டாவது குதி வேகமாகியிருக்கிறதா என்று. எடையைப் பற்றிப் பேச இரண்டாம் வருட அக்டோபர் வரை பொறுங்கள், முழுசாக ஒரு கோடை அவனுக்குக் கிடைத்திருக்கும். இரண்டாம் வருட ஜனவரியில், சொந்த லீக்கின் பெரிய உடம்புகளுக்கு எதிராக அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தபிறகு நான் வாய் திறப்பேன். கூடைப்பந்தை தாமதமாக ஆரம்பித்த பையன் என்றால் மூன்றாம் வருடம் வரை காத்திருப்பேன்.

சாக் ஈடி என்று சொன்னேனே, அவர் டொரான்டோ பையன். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும்தான். பர்டூவில் சேரும்போது அவர் வயதுப் பையன்களின் தரப்பட்டியலில் நானூறுக்கும் கீழே. ஏழடி நாலு அங்குலம், ஆனால் இவர் ஒல்லி இல்லை, எடை முதலிலிருந்தே இருந்தது. இவருக்கு வந்துசேர வேண்டியிருந்தது மூச்சும் காலடியும். முதல் வருடம் ஆட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம்தான் களத்தில் இருந்தார், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். மூன்றாம் வருடம் நாட்டின் சிறந்த வீரர், நான்காம் வருடமும் அவரேதான். அந்த 2024 ஏப்ரலில் இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட் ஜெயித்தது. தோற்ற பர்டூ எடுத்த 60 புள்ளியில் 37 ஈடியுடையது.